பிறர் இட்ட பெயர்கள்: ரோமா மக்களின் பூர்வீகமும் அறபு, பாரசீக ஆதாரங்களும்

ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்காதபோது அதனை அயலார் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்ட வரலாற்றில், எழுதப்பட்டோரின் முகத்தைவிட எழுதியோரின் தேவையே துலக்கமாகத் தெரிவதுண்டு. ரோமா மக்கள் குறித்த எழுத்துக்கள் இதற்குத் தக்க சான்றாகும். இன்று ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒரு கோடிக்கும் மேற்பட்டோராக மதிப்பிடப்படும் இம்மக்களை ஆங்கிலேயர் ஜிப்ஸி என்றனர். ஜேர்மனியர் ஸிகொய்னர் என்றனர். ஒஸ்மானிய எழுத்தர்கள் கிப்தி என்றும் சிங்கெனெ என்றும் பதிந்தனர். இவர்களுக்கு உறவினராகக் கருதப்பட்ட மேற்காசிய மக்கள் ஷாமில் நவர் என்றும் எகிப்தில் கஜர் என்றும் அழைக்கப்பட்டனர். இப்பெயர்களுள் எதுவும் அம்மக்களின் சொந்த மொழியிலிருந்து எடுக்கப்பட்டதன்று.

இம்மக்களின் பூர்வீகத்தைத் தேடியோர் அறபு, பாரசீக நூல்களையே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டனர். ஹம்ஸா அல்-இஸ்பஹானி, பிர்தவ்ஸி, பலாதுரி, தபரி, உத்பி ஆகியோர் ஐரோப்பிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றனர். ஆயின், அந்நூல்கள் உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகின்றன, எதற்காகப் பேசுகின்றன என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை. நமது அறிவு மரபிலிருந்து எடுக்கப்பட்ட சான்றுகள் என்பதால், அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

எகிப்து என்னும் கற்பனை

ஜிப்ஸி என்பது எகிப்தியர் என்பதன் சிதைவு. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு ஐரோப்பிய நகரங்களுக்கு வந்த சில குழுக்கள் தாம் ‘சிறிய எகிப்து’ என்னும் நாட்டிலிருந்து பாவப்பரிகார யாத்திரையாக வந்தோர் எனக் கூறின. 1427இல் பாரிஸ் நகருக்கு வந்த குழுவும் இவ்வாறே கூறியது. கிறிஸ்தவ ஐரோப்பாவில் யாத்திரிகருக்கு உணவும் பாதுகாப்பும் கிடைத்து வந்தமையை நோக்க, இக்கதையின் பயன் எளிதில் விளங்கும். ஸிகொய்னர் என்ற பெயரின் மூலமோ வேறு. பைஸாந்தியத்தில் மதவிரோதிகளாகக் கருதப்பட்ட ‘அதிங்கனோய்’ என்னும் குழுவின் பெயரே இவர்கள்மீது ஏற்றப்பட்டது. பிறரைத் தீண்டாதோர் என்பது அதன் பொருள்.

பிழையான பெயர்கள் வெறும் பிழைகளாக நின்றுவிடவில்லை, சட்டங்களாயின. 1530இல் இங்கிலாந்து ‘எகிப்தியரை’ நாட்டைவிட்டு வெளியேற்றச் சட்டம் இயற்றியது. 1554ஆம் ஆண்டின் சட்டம் வெளியேறாதோருக்கு மரண தண்டனையை விதித்தது. அதே 1530இல் ஒஸ்மானிய சுல்தான் சுலைமானின் ஆட்சி ரூமேலிப் பிரதேசத்தின் கிப்திகளுக்கென ஒரு தனிச்சட்டம் வகுத்தது. இங்கும் எகிப்து என்ற கற்பனையே பெயராயிற்று. ஒஸ்மானியர் அவர்களைத் துரத்தவில்லை. குடிகளாகப் பதிந்து வரி விதித்தனர். இவ்வேறுபாடு சிறியதன்று. எனினும் அச்சட்டம் கிறிஸ்தவ கிப்தியின் குடும்பத்துக்கு 25 அக்சேயும் முஸ்லிம் கிப்தியின் குடும்பத்துக்கு 22 அக்சேயும் விதித்தது. இஸ்லாத்தைத் தழுவியவர் முஸ்லிமல்லாதோருக்குரிய வரிச்சுமையிலிருந்து நீங்குவதே ஷரீஅத்தின் பொது நெறி. இம்மக்கள் விடயத்தில் கலிமாவின் பெறுமதி மூன்று அக்சேயாகச் சுருங்கிற்று. மார்க்கம் சமப்படுத்திய இடத்தில் பெயர் பிரித்து வைத்தது.

பஹ்ராம் கூரின் இசைக்கலைஞர்கள்

ரோமாக்களின் இந்திய வருகைக்குப் பழைமையான எழுத்துச் சான்றெனப் பலராலும் காட்டப்படுவது, 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாஸானிய மன்னன் பஹ்ராம் கூர் பற்றிய கதையாகும். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய ஹம்ஸா அல்-இஸ்பஹானி இதனைச் சுருக்கமாகக் கூறுகிறார். மக்கள் இசையின்றி அருந்துவதைக் கண்ட மன்னன் காரணம் வினவ, இசைக்கலைஞர் கிடைப்பதில்லை என்றனர். அவன் இந்திய மன்னனுக்கு எழுதி 12,000 இசைக்கலைஞரைப் பெற்று நாடெங்கும் குடியமர்த்தினான். அவர்களின் சந்ததியினரே ஸுத்கள் என்கிறார் ஹம்ஸா.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1010 அளவில் நிறைவுற்ற ஷாநாமாவில் பிர்தவ்ஸி இதே கதையை விரிக்கிறார். இங்கு எண் 10,000, பெயர் லூரிகள். மன்னன் அவர்களுக்கு எருதும் கழுதையும் விதைக் கோதுமையும் கொடுத்து, உழுது வாழ்ந்துகொண்டு ஏழைகளுக்கு இலவசமாக இசைக்கப் பணிக்கிறான். அவர்களோ எருதையும் கோதுமையையும் உண்டு தீர்த்து, ஆண்டிறுதியில் வாடிய முகத்தோடு திரும்புகின்றனர். சினந்த மன்னன், எஞ்சிய கழுதைகளில் வாத்தியங்களை ஏற்றி அலைந்து திரியுமாறு ஆணையிடுகிறான்.

இரு வடிவங்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஹம்ஸாவிடம் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. மன்னன் வேண்டியதால் கலைஞர் வந்தனர், தங்கினர், பெருகினர். பிர்தவ்ஸியிடமோ அவர்களின் அலைவு, சோம்பலுக்கும் ஊதாரித்தனத்துக்கும் கிடைத்த கூலியாகிவிடுகிறது. கவிஞர் தம் காலத்து லூரிகளின் வறிய அலைவாழ்வைக் கண்டு, அதற்கொரு காரணக்கதையை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய மன்னனின் அவையில் அமைத்தார் எனக் கொள்வதே பொருத்தமாகும். காவியத்தின் நோக்கில் இதில் குறை காண்பதற்கில்லை. குறை, காவியத்தைக் குடியேற்றப் பதிவேடாக வாசித்தோரிடமே உள்ளது. இக்கதையிலிருந்து வரலாற்றாசிரியர் எடுக்கக்கூடியது ஒன்றுதான்: 10ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்தோராகக் கருதப்பட்ட இசைக்குழுக்கள் ஈரானில் வாழ்ந்தன. அவர்களே ரோமாக்களின் மூதாதையர் என்பதற்கு அதில் ஆதாரமில்லை.

ஸுத்கள் யார்?

ஸுத் என்பது ஜாட் என்பதன் அறபு வடிவம். சிந்து வெளியிலிருந்து சாஸானியர் காலத்திலேயே மேற்கே வந்த இம்மக்கள், இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்தனர். இப்னு உமர் (ரழி) அறிவித்துப் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸில், நபிகளார் (ஸல்) மூஸா (அலை) அவர்களின் நிறத்தையும் உடற்கட்டையும் ஸுத் ஆடவரின் தோற்றத்துக்கு ஒப்பிடுகிறார்கள். ஓர் இறைத்தூதரின் தோற்றத்துக்கு உவமையாகச் சொல்லப்பட்ட பெயர் இது. அப்பெயரே பிற்காலத்தில் இகழ்ச்சிச் சொல்லாகப் பயன்பட்டமை நாம் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

பலாதுரியின் நூலில் ஸுத்கள் பஸராவில் பனூ தமீம் கோத்திரத்தின் நட்புக் குழுவினராகத் தோன்றுகின்றனர். முஆவியா (ரழி) அவர்களின் காலத்தில் ஒரு பகுதியினர் அந்தாக்கியாவுக்கும் ஷாமின் கரையோரங்களுக்கும் மாற்றப்பட்டனர். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஸித், பஸரா நகரங்களுக்கிடைப்பட்ட சதுப்பு நிலங்களில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 834இல் கலீபா முஃதஸிமின் தளபதி உஜைப் இப்னு அன்பஸா அவர்களைப் பணிய வைத்தார். பெண்கள், சிறுவர் உட்பட 27,000 பேர் படகுகளில் பக்தாதுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் பைஸாந்திய எல்லையிலிருந்த அய்ன் ஸர்பாவில் குடியமர்த்தப்பட்டனர். 855இல் பைஸாந்தியப் படை அவ்வூரைத் தாக்கி, அவர்களை எருமைகளோடு சிறைபிடித்துச் சென்றது. தபரியின் வரலாறு இதனைத் தெளிவாகப் பதிந்துள்ளது.

லைடன் நகரின் புகழ்பெற்ற அறபு அறிஞர் டி கூயே, 1875லும் பின்னர் 1903இல் வெளியிட்ட விரிவான நூலிலும், இச்சிறைபிடிப்பையே ரோமாக்கள் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாயிலாகக் காட்டினார். தபரியை ஐரோப்பாவுக்குப் பதிப்பித்துத் தந்த பேரறிஞரின் கருத்து என்பதால் அது வேரூன்றியது. 1914இல் மெக்கலிஸ்டர் பலஸ்தீன நாடோடிக் கொல்லரின் மொழி பற்றி எழுதிய இலக்கண நூலின் தலைப்பிலேயே ‘நவர் அல்லது ஸுத்’ என இரு பெயர்களையும் ஒன்றாக்கினார். அம்மக்கள் தம்மை அழைத்துக்கொண்டதோ டோம் என்று.

டி கூயேயின் வாதம் கவர்ச்சியானது. ஆயினும் அது ஒரு கேள்வியில் தடுக்கி விழுகிறது. ஸுத்கள் அறபு பேசும் நிலத்தில் இருநூறு ஆண்டுகள் வாழ்ந்தோர், எருமை மேய்த்தோர். அவர்களே ரோமாக்களின் மூதாதையராயின், ரோமாக்களின் மொழியில் அறபு ஆழமாகப் படிந்திருக்க வேண்டும். அவ்வாறு படிந்துள்ளதா?

மொழி என்னும் ஆவணம்

ரோமாக்கள் ஐரோப்பாவுக்கு ஏட்டுச் சுவடி எதனையும் கொண்டு வரவில்லை. ஒரு மொழியைக் கொண்டு வந்தனர். ஜேர்மனியின் ஹாலே நகரில் ருயூடிகர் என்பவர் பார்பரா மக்கெலின் என்ற ரோமானிப் பெண்ணிடம் வாக்கியங்களைக் கேட்டெழுதி, இந்துஸ்தானியோடு ஒப்பிட்டு, 1782இல் இம்மொழி இந்திய மொழியே என நிறுவினார். மறு ஆண்டே கிரெல்மன் பெருநூல் ஒன்றை வெளியிட்டுப் புகழைப் பெற்றார். அக்காலத்தில் இன்னொரு செய்தியும் பரவியது. லைடனில் பயின்ற ஹங்கேரிய மாணவர் ஒருவர் அங்கிருந்த மூன்று ‘மலபார்’ மாணவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கேட்டெழுதிச் சென்று தம் நாட்டு ரோமாக்களிடம் கூற, அவர்கள் பொருள் சொன்னார்களாம். ஒல்லாந்தர் வழக்கில் மலபார் என்பது பெரும்பாலும் தமிழரையே குறித்தது. தமிழும் மலையாளமும் திராவிட மொழிகளாதலின் அவை ரோமாக்களுக்கு விளங்கியிருக்க இயலாது. அம்மாணவர் இலங்கையிலிருந்து சென்ற சிங்களவராயிருக்கலாம் என்போரும் உளர். பிழையான பெயர் ஒரு மக்களின் வரலாற்றை மட்டுமன்றி, அதனைத் தேடும் வழியையும் குழப்பிவிடும் என்பதற்கு இது போதிய சான்று.

ரோமானியில் தண்ணீர் பானி, கறுப்பு காலோ, மனிதன் மனுஷ். ஒன்று முதல் ஆறு வரையிலான எண்களும் பத்தும் இந்திய மூலத்தன. ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவையோ எஃப்தா, ஒஹ்தோ, எனியா என்னும் கிரேக்கச் சொற்கள். அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் பஹ்த் பாரசீகத்திலிருந்து வந்தது. குதிரையைக் குறிக்கும் கிராஸ்த் ஆர்மீனியத்திலிருந்து வந்தது. பாதையைக் குறிக்கும் த்ரோம் கிரேக்கம். அறபுச் சொற்கள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் பாரசீகம் அல்லது துருக்கியின் வழியே நுழைந்தவை. ஆகவே, இவர்களின் மூதாதையர் ஈரானிய நிலம், ஆர்மீனியம், கிரேக்கம் பேசிய அனாதோலியா என்ற வழியே நகர்ந்தனர். ஈராக்கின் சதுப்பு நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழவில்லை. தபரி கூறும் ஸுத்களின் வரலாறு உண்மை. அது வேறொரு மக்களின் வரலாறு.

மொழி காலத்தையும் ஓரளவு சொல்கிறது. பழைய இந்திய ஆரிய மொழிகளின் மூன்று பால்கள் ரோமானியில் இரண்டாகியுள்ளன. அம்மாற்றம் நிகழ்ந்த முறை ஹிந்தி போன்ற மொழிகளோடு பெரிதும் ஒத்திருக்கிறது. எனவே முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதி வரை இம்மொழியைப் பேசியோர் இந்திய நிலத்திலேயே இருந்தனர் என மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் 5ஆம் நூற்றாண்டின் பஹ்ராம் கூர் இவ்வரலாற்றிலிருந்து தானே விலகிவிடுகிறார்.

ரோம் என்ற சுயபெயரும் டோம் என்ற இந்தியச் சாதிப் பெயரும் ஒன்றே என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1030 அளவில் எழுதிய அல்-பிரூனி, சாதி அமைப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்டோருள் வீணையிசைத்துப் பாடும் டோமரைக் குறிப்பிடுகிறார். அவர்களுக்குப் பூர்வீகக் கதை புனையவோ குற்றம் சுமத்தவோ அவர் முனையவில்லை. கண்டதையும் கேட்டதையும் பதிந்தார். 1668இல் கிரேக்கத் திரேஸின் கும்முல்ஜினே நகரில் ரோமாக்களின் பேச்சைக் கேட்டுத் தம் பயண நூலில் எழுதிவைத்த ஒஸ்மானியப் பயணி எவ்லியா செலபியையும் இங்கு நினைவுகூர வேண்டும். பால்கன் ரோமானியின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று அதுவே. நமது மரபின் மதிப்புமிக்க பங்களிப்பு இத்தகைய பதிவுகளிலேயே உள்ளது.

கஸ்னி மஹ்மூதின் கைதிகள்

அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்ற கருத்து இன்னொன்று. 1018இல் கஸ்னி மஹ்மூத் கன்னோஜ் நகரைக் கைப்பற்றியபோது கொண்டுசெல்லப்பட்ட கைதிகளே ரோமாக்களின் மூதாதையர் என மொழியறிஞர் மார்செல் குர்தியாத் வாதிட்டார். ரோமானி அறிஞர் இயன் ஹான்கொக், கஸ்னவியருக்கு எதிரான போர்களில் திரண்ட பல்வகைப் படையினரிலிருந்து இச்சமூகம் உருவானதென்றார். இவை ஆய்வறிஞரின் கருதுகோள்கள். ஆயின் இவை இந்தியாவில் ‘முஸ்லிம் படையெடுப்பால் துரத்தப்பட்ட வீரர்’ என்ற அரசியற் கதையாக மாறிவிட்டன. 2016இல் புது தில்லியில் நடைபெற்ற சர்வதேச ரோமா மாநாட்டில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் ரோமாக்களை இந்தியாவின் பிள்ளைகள் என வரவேற்றார். இங்கும் கதை கூறுவோரின் தேவை முன்னிற்பதைக் காணலாம்.

இதனை மறுப்பதற்கு மஹ்மூதைக் காக்கும் ஆர்வம் நமக்குக் காரணமாகக் கூடாது. அப்படையெடுப்பில் திரளானோர் அடிமைகளாக்கப்பட்டதை அவரது செயலாளரான உத்பியே மறைக்காமல் எழுதியுள்ளார். அது மூடி மறைக்கத்தக்கதன்று. ஆனால் அதே உத்பி, அடிமைகளின் விலை வீழ்ந்ததையும் பல நாட்டு வணிகர் வந்து அவர்களை வாங்கிச் சென்றதையும் கூறுகிறார். அவ்வாறு பல திசைகளில் சிதறடிக்கப்பட்டோர் ஒரே மொழிச் சமூகமாக ஆயிரமாண்டு நிலைத்தது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜிய மொழியில் எழுதப்பட்ட துறவி ஒருவரின் வரலாறு, 1050 அளவில் கொன்ஸ்தாந்திநோபிளில் ‘அத்ஸின்கானி’ என்போர் இருந்ததாகக் கூறுகிறது. அவர்கள் ரோமாக்களே எனில், பாரசீகமும் ஆர்மீனியமும் மொழியில் படிய முப்பது ஆண்டுகள் போதா. 2012இல் வெளியான விரிவான மரபணு ஆய்வும் ஐரோப்பிய ரோமாக்களின் மூதாதையர் வடமேற்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கணித்தது. மரபணுவின் கணக்கும் மொழியின் கணக்கும் முற்றாக ஒத்துப்போகவில்லை. ஆயினும் இரண்டும் 1018 என்ற ஒற்றை ஆண்டுக்குள் அடங்க மறுக்கின்றன.

பூர்வீகம் காப்பாற்றவில்லை

இவ்வாராய்ச்சியை ஏட்டறிவின் விளையாட்டாக எவரும் கருதலாகாது. ரோமாக்கள் இந்திய ஆரிய மொழி பேசுவோர் என்பதை நாஸி ஜேர்மனி நன்கறிந்திருந்தது. ‘தூய’ ரோமாக்கள் ஆரியரே. பெரும்பாலோர் கலப்புற்றமையால் இழிந்தோர் என ரொபர்ட் ரிட்டரின் ஆய்வுக்குழு வகைப்படுத்தியது. அவரது உதவியாளர் ஈவா யூஸ்டின் ரோமானி மொழியைப் பேசியே அம்மக்களின் நம்பிக்கையைப் பெற்றுப் பரம்பரைப் பட்டியல்களைத் தயாரித்தார். 1942 டிசம்பர் 16இல் ஹிம்லர் பிறப்பித்த ஆணையின்படி அவர்கள் ஔஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஸிகொய்னர் என்ற பெயரின் முதலெழுத்து அவர்களின் கைகளில் எண்ணோடு பச்சை குத்தப்பட்டது. 1944 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவில் மட்டும் அம்முகாமில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்டோர் இரண்டு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. 1956இல் மேற்கு ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 1943க்கு முந்திய ஒடுக்குமுறைகளை இன அடிப்படையிலானவை என ஏற்க மறுத்தது. அது இனப்படுகொலையே என அந்நாட்டரசு ஒப்புக்கொள்ள 1982 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே பூர்வீகத்தைச் சரியாகக் கண்டறிவது மட்டும் நீதியாகிவிடாது. மொழியறிவுகூடக் கொலைப்பட்டியலுக்குப் பயன்பட்டது. அறிவு யார் கையில், யாருக்காக என்பதே கேள்வி.

பெயரிடும் உரிமை

1971 ஏப்ரலில் லண்டனுக்கருகே கூடிய முதலாவது உலக ரோமானி மாநாடு, பிறர் இட்ட பெயர்களை மறுத்து ரோமா என்ற பெயரை ஏற்றது. எனினும் இதனையும் ஒரு சூத்திரமாக்கிவிட முடியாது. ஜேர்மனியின் சிந்திகள் தம்மை ரோமாக்களிலிருந்து வேறாகவே குறிப்பிடுவர். இங்கிலாந்தில் ஜிப்ஸி என்ற பெயரைத் தமதாக்கிக்கொண்டோர் உளர். கொஸோவாவில் அல்பேனிய மொழி பேசும் முஸ்லிம்களான ஒரு குழுவினர் தம்மை எகிப்தியர் என்றே அழைக்கின்றனர். 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ரோமா, அஷ்காலி, எகிப்தியர் என மூன்று சமூகங்களையும் தனித்தனியே ஏற்றுப் பாராளுமன்றத்தில் இடமளித்துள்ளது. மொழியியலாளர் அவர்களின் பூர்வீகக் கூற்றை ஐயுறலாம். அது ஆய்வின் உரிமை. தாம் எவ்வாறு அழைக்கப்பட வேண்டும் என்பதைக் கூறுவது அவர்களின் உரிமை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே நேர்மையான விமர்சனத்தின் இலக்கணம்.

தமிழில் எழுதும் நாமும் இப்பழியிலிருந்து நீங்கியவரல்லர். ஜிப்ஸி என்பதை நாடோடி என்றும் சில வேளைகளில் குறவர் என்றும் மொழிபெயர்த்து வருகிறோம். நரிக்குறவரைத் தமிழகத்தின் ஜிப்ஸிகள் என்கிறோம். அவர்கள் பேசுவது வாக்ரிபோலி என்னும் இந்திய ஆரிய மொழி. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்வது வாக்ரி என்று. நீண்ட கோரிக்கையின் பின் 2023 ஜனவரியில் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதும், சட்டத்தில் இடம்பெற்றவை நரிக்கொரவன், குருவிக்காரன் என்னும் பிறர் இட்ட பெயர்களே.

இழிபெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதை ஸூரா அல்-ஹுஜுராத் தடுக்கிறது. சமூகங்களும் கோத்திரங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கே என்பதும் அதே அத்தியாயத்தின் போதனை. அறபு நாடுகளில் நவர் என்ற சொல் இன்றும் வசையாகப் பயன்படுகிறது. பால்கனில் ஹொரஹானே எனப்படும் முஸ்லிம் ரோமாக்கள் பலர் உடன் முஸ்லிம்களிடையேயும் ஒதுக்கப்பட்டோராக வாழ்கின்றனர். அறிந்துகொள்ளுதல் என்பது ஒருவருக்கு நாம் இட்ட பெயரை நீக்கிவிட்டு, அவர் தம் பெயரைக் கூறும்போது செவிமடுப்பதிலிருந்து தொடங்குகிறது. பஹ்ராம் கூரின் கதையும் மஹ்மூதின் கதையும் தராத செய்தியை, ஹாலே நகரில் ஒரு ரோமானிப் பெண் தன் வாய்மொழியால் தந்தாள். ஆதாரங்களைத் தேடி நூலகங்களுக்குச் செல்வோர் அவளது மொழியையும் ஓர் ஆதாரமாக எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்.